கிருபாவின் பொய்த்தவளை

புருவம் திருத்திக்கொள்ளத்தான் அன்றைக்கு மாடிக்குப் போனேன். கிருபா ஒரு கல்லூரிப் பெண்ணின் முகத்தில் மஞ்சளாக எதையோ பூசிக்கொண்டிருந்தாள். "உக்காருங்க்கா, இத முடிச்சுட்டு வாரேன்" என்றாள். உட்கார்ந்த இடத்தில் சும்மா இருக்க எனக்கு வராது. நகப்பூச்சு காயவைக்கிற சின்ன நீல விளக்குப் பெட்டிக்குள் குனிந்து பார்த்தேன். உள்ளே ஒரு தவளை உட்கார்ந்திருந்தது.

கத்திவிட்டேன். நான் கத்தியதைக் கேட்டு, கண்ணை மூடிப் படுத்திருந்த அந்தப் பெண்ணும் சேர்ந்து கத்தினாள்.

"ஐயோ, அது நெசத் தவளை இல்லீங்க்கா! நாஞ் செஞ்சது!" கிருபா மஞ்சள் கையோடு ஓடிவந்தாள். "தொட்டுராதீங்க, மேல ஜெல்லு பூசியிருக்குது, இன்னும் காயல."

கட்டைவிரல் பருமன்கூட இருக்காது. முதுகு பாசிப் பச்சை, வயிறு வெளுத்த மஞ்சள், முதுகில் கறுப்புப் புள்ளிகள். கண்கள்தான் என்னை அடித்துப்போட்டன. பொன் நிற வளையம், நடுவில் கறுப்பு, அதற்குள் ஊசிமுனை அளவு ஒரு வெள்ளைப் பொட்டு. அந்தப் பொட்டு இருந்ததால்தான் அது என்னைப் பார்த்தது.

"எதுக்கு அம்மணி இது?"

"விரால் புடிக்கறதுக்குங்க்கா" என்றாள். சொல்லும்போதே அவள் முகம் எப்படி மலர்ந்தது என்கிறீர்கள்!

கருமத்தம்பட்டி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, கீழே என்னுடைய பிளவுஸ் மேட்சிங் கடை, மேலே கிருபாவின் பியூட்டி பார்லர். ஏழெட்டு வருசமாக அவளைப் பார்த்துவருகிறேன். சூலூர்ப் பக்கம் தோட்டத்து வேலைக்குப் போய், பிறகு மில்லில் சேர்ந்து அவளைப் படிக்கவைத்தவர் அம்மா பாவாத்தாள். கிருபா கோயமுத்தூரில் அழகுக்கலை படித்தாள். இப்போது அவிநாசியிலிருந்து மேட்டுப்பாளையம் வரைக்கும் கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்யப் போகிறாள். கண்ணுக்கு மை எழுத அவளை விட்டால் ஆளில்லை என்பார்கள். ஒன்று கையில் பிடித்துவிட்டால் அதை முடிக்காமல் சாப்பிடக்கூட மாட்டாள். அந்தக் குணம் எனக்குத் தெரியும். ஆனால் மீனுக்கும் அவளுக்கும் சம்பந்தம் இருந்ததில்லை. மீன்பிடிக்கிற பைத்தியம் அவள் வீட்டுக்காரர் ரவிக்குமாருக்குத்தான்.

ரவிக்குமார் தறி ஃபிட்டர். சோமனூருக்கும் கருமத்தம்பட்டிக்கும் இடையில் எந்தத் தறி நின்றாலும் போன் அவருக்குத்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தூண்டில் ராடைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். மண்புழு, மைதா உருண்டை எல்லாம் அவர் தொடமாட்டார். தவளை மாதிரி செய்த பொம்மையைத் தூர எறிந்து, தண்ணீருக்குள் அமிழவிடாமல் மேலேயே குதிக்கக் குதிக்க இழுத்துவருவார். கீழே கிடக்கிற விரால் அதை உயிருள்ளது என்று நம்பிப் பாய வேண்டும். தூண்டில்காரர்கள் அதை லூர் என்கிறார்கள். கிருபா வைத்த பெயர் பொய்த்தவளை.

சித்திரையில் ஒரு நாள் ரவிக்குமாரின் ஆசைத் தவளை ஒன்று போய்விட்டது. எங்கோ வெளிநாட்டிலிருந்து வரவழைத்தது. குட்டைக்குள் சாய்ந்து கிடந்த சீமைக்கருவேல முள்ளில் மாட்டி, இழுத்த இழுப்பில் தூண்டில் நரம்பு அறுந்துவிட்டது. மனுசன் வீட்டுக்கு வந்து வாசற்படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம்.

"எங்க கல்யாண ஆல்பம் தொலஞ்சப்பக்கூட அவரு இப்படி உக்காரலீங்க்கா" என்றாள் கிருபா. "எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பாவம் ஒரு பக்கம். படத்தக் காட்டுங்கன்னு போன வாங்கிப் பாத்தேன். நல்லாப் பெருசு பண்ணிப் பாத்தேன். இது ஒரு துண்டு மரம், கொஞ்சம் பெயிண்ட்டு, ரெண்டு தூண்டி முள்ளு. நாஞ் செஞ்சு தாரேனுங்கன்னு சொன்னேன்."

ரவிக்குமார் அந்தத் துக்கத்திலும் சிரித்துவிட்டார். "பொண்ணுக்கு மேக்கப் போடறதும் இதும் ஒண்ணா அம்மணி? மெதக்கணும், ஆடணும், சத்தங் குடுக்கணும். விரால ஏமாத்தறது லேசா?"

"மெதக்க வெக்கறேன், ஆட வெக்கறேன், சத்தமும் போட வெக்கறேன். போதுங்களா?"

முதல் தவளைக்கு மரம் வீட்டிலேயே இருந்தது. தறியில் குறுக்கே ஓடுகிற நாடா, இரண்டு முனையும் கூராகப் படகு மாதிரி இருக்குமே, அதில் தேய்ந்துபோனவை ரவிக்குமாரின் சாமான் பையில் கிடந்தன. பாதி வேலையை மிச்சம் பண்ணிக்கொடுக்கிற வடிவம்! முனையை அறுத்து, நகம் ராவுகிற அட்டையால் தேய்த்து, நகத்துக்குள் புகுந்து சுத்தம் பண்ணுகிற குட்டி மெஷினால் வாய் குடைந்து, பச்சை அடித்து, கண் எழுதினாள். பார்த்தவர்கள் எல்லாரும் கொஞ்சினார்கள். பார்லரின் பின்கட்டில் ஒரு நீலத் தண்ணீர் டிரம் இருக்கிறது. ரவிக்குமாரை வரவழைத்து, அவர் கண் முன்னால் தவளையை அதில் விட்டாள்.

'தொளக்' என்றது. அவ்வளவுதான். தவளை அழகாகக் கண்ணைத் திறந்தபடியே அடிக்குப் போய்ச் சேர்ந்தது.

ஓயாமல் அடிவாங்குகிற நாடாவுக்கு இறுகிய கனத்த மரம்தான் போடுவார்கள், அது எப்படி மிதக்கும்? இரண்டு பேரும் டிரம்முக்குள் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரவிக்குமார் சிரிக்காமல் இருக்க என்ன பாடுபட்டாரோ, கிருபா முதலில் சிரித்த பிறகுதான் அவரால் மூச்சுவிட முடிந்தது.

மிதக்கிற மரம் அவளுக்கு மேட்டுப்பாளையத்தில் கிடைத்தது. ஒரு பாக்கு வியாபாரி வீட்டுக் கல்யாணம். பெண்ணை அலங்கரித்து மண்டபத்துக்கு அனுப்பிவிட்டு, கை கழுவத் தோப்புப் பக்கம் போனவள், வேலியோரம் வெட்டிப்போட்டிருந்த கல்யாண முருங்கைக் கிளை ஒன்றைப் பார்த்தாள். நன்றாக உலர்ந்திருந்தது. தூக்கினால் கையில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்ததாம்.

"ஏனுங்க, இத நான் எடுத்துக்கட்டுங்களா?" என்று பெண்ணின் அம்மாவைக் கேட்டிருக்கிறாள்.

அந்த அம்மா பட்டுப்புடவையோடு திகைத்துப்போய் நின்றார். "வெறகுங்களா? என்ன கண்ணு, ஊட்ல கேஸு தீந்துபோச்சா?"

ஒரு கையில் மேக்கப் பெட்டி, மடியில் முள் சீவிய முருங்கைக் கிளை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் கிளையைப் பார்த்து, இவள் முகத்தைப் பார்த்து, மறுபடியும் கிளையைப் பார்த்தார்களாம். அவளுக்கு அதெல்லாம் உறைக்கவே இல்லை. எப்போது வீடு வரும் என்று ஜன்னலைப் பார்த்தபடி வந்திருக்கிறாள்.

இரண்டாவது தவளை மிதந்தது. மல்லாக்க மிதந்தது. வயிற்றை வானத்துக்குக் காட்டிக்கொண்டு, செத்துப்போன தவளை மாதிரி.

நான் விளக்குப் பெட்டிக்குள் பார்த்தது அதற்குப் பிறகு செய்த தவளை. அது எத்தனையாவது என்று அவளுக்கே தெரியாது. அதற்குள் பார்லர் முழுக்க மரத்தூள். வயிற்றில் ஓட்டை போட்டு ஈயத் துண்டு வைத்தால் குப்புற நிற்கும் என்று இரண்டு பேரும் கண்டுபிடித்துவிட்டார்கள். எந்த இடத்தில் வைப்பது என்பதில்தான் சண்டை. மூக்குப் பக்கம் வைத்தால் இழுக்கும்போது தலைகுப்புற உள்ளே போகிறது. நடுவில் வைத்தால் கல் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. ஒரு மத்தியானம், ஆளில்லாத நேரத்தில், ஈயத்தை நன்றாகப் பின்னால் தள்ளி வைத்துப் பார்த்திருக்கிறாள்.

நான் கீழே ஒரு அம்மாவுக்குக் கிளிப்பச்சைக்கும் இலைப்பச்சைக்கும் வித்தியாசம் காட்டிக்கொண்டிருந்தேன். மேலே தடதடவென்று ஓடுகிற சத்தம். அப்புறம் படி இறங்குகிற சத்தம். கிருபா நனைந்த சுடிதாரோடு கடைக்குள் வந்து நின்றாள்.

"அக்கா! குதிக்குதுங்க்கா! வந்து பாருங்க! பின்னாடி பாதி தண்ணிக்குள்ள, மூஞ்சி மட்டும் மேல! சுண்டுனா குதிக்குது! நெசத் தவளையாட்டவே குதிக்குது!"

வாடிக்கையாளரை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். அந்த அம்மாவும் துணியைக் கையில் வைத்துக்கொண்டே பின்னால் வந்தார். கிருபா டிரம்முக்கு மேலே குச்சியில் கட்டிய நூலைச் சுண்டினாள். தவளை 'பொளக்' என்று ஒரு எட்டு குதித்து, நின்று, மூக்கை ஆட்டியது. மறுபடியும் சுண்டினாள். 'பொளக்.' நாங்கள் மூன்று பேரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி கைதட்டினோம். அவள் ஆடிய ஆட்டத்தில் டிரம் தண்ணீர் தளும்பி, என் கடைக்கூரை விரிசல் வழியாக ஒழுகி, ஒரு கட்டு வெள்ளை லைனிங் துணி நனைந்துபோனது. அன்றைக்கு எனக்குக் கோபமே வரவில்லை.

இனிச் சத்தம் வேண்டும். தவளைக்குப் பின்னால் தகடு ஒன்று சுழன்றால், மினுக்கிக்கொண்டே சலசலக்கும், விராலுக்கு வெறி ஏறும் என்று ரவிக்குமார் சொல்லியிருந்தார். தகரத்தை வெட்டிப் பார்த்தாள். சுழலாமல் ஒட்டிக்கொண்டு வந்தது. தட்டையான தகடு உதவாது, கரண்டி மாதிரி லேசாகக் குழிந்திருக்க வேண்டும். எங்கே போவது?

அந்த வாரம் பரதநாட்டியத்துக்கு ஒரு பெண் அலங்காரம் செய்துகொள்ள வந்திருந்தாள். கிருபா அவளுக்குத் தலைவாரி, டிக்டாக் கிளிப் ஒன்றை எடுத்து, குத்துவதற்காக அமுக்கினாள். கிளிப் 'டக்' என்று வளைந்தது. கிருபா அப்படியே நின்றுவிட்டாள். கிளிப்பைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். ஒரு முனை கூர், ஒரு முனை அகலம், நடுவில் குழிவு. எஃகு. வெள்ளியாக மினுங்குகிறது.

"என்னங்க்கா ஆச்சு?" என்று கேட்டிருக்கிறாள் அந்தப் பெண்.

"ஒண்ணுமில்ல கண்ணு. ஒரே நிமிசம்" என்றவள், பாதிப் பின்னலோடு அவளை உட்காரவைத்துவிட்டு, கிளிப்பின் நாக்கைக் கட்டிங் பிளேயரால் வெட்டி எறிந்து, முனையில் ஓட்டை போட்டு, நூலில் கட்டி டிரம்முக்கு ஓடினாள். தண்ணீரில் இழுத்ததும் அது பம்பரமாகச் சுழன்றது. நல்லவேளை, நாட்டியம் தாமதமாகத்தான் தொடங்கியதாம்.

கால்களுக்குத் தலைமுடி ரப்பர் பேண்டை நீளவாக்கில் நறுக்கி இரண்டு பக்கமும் கட்டினாள். வாலில் ஒரு சின்னத் திருகாணி வளையம், அதில் இரட்டை முள்ளும் கிளிப் தகடும். ரவிக்குமார் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்து, இப்படித் திருப்பி அப்படித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏனுங்க, நல்லா இல்லீங்களா?"

"நல்லா இல்லியாவா? எனக்கே கவ்வலாமுன்னு இருக்குது" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் விடாமல் இழுத்துக்கொண்டு போனாள். பாலுசாமி அண்ணன் தோட்டத்துக் குட்டை. அவருக்குத் தென்னந்தோப்பு, தோப்பை ஒட்டித் தறிப்பட்டறை, பட்டறைக்குப் பின்னால் மழைத்தண்ணீர் சேர்கிற பெரிய குட்டை. பட்டறைத் தறிகளை ரவிக்குமார்தான் பார்க்கிறார் என்பதால் குட்டையில் தூண்டில் போடத் தடையில்லை. அண்ணனுக்கு விரால் மேல் தனிக் கோபமும் இருந்தது.

"கட்லாக் குஞ்சா வாங்கி உட்டனுங்க. பூராத்தயும் இந்த விரால் தின்னுபோட்டுது. எங்கிருந்து வந்து சேந்துச்சுன்னே தெரியல. புடிங்க, புடிச்சுக் கொழம்பு வெய்யுங்க!" என்று கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தபடி சொன்னார். கிருபாவின் தவளையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இத நீயா செஞ்ச அம்மணி? இதத் தண்ணீல போட மனசு வருமா?" என்றார்.

குட்டையில் பாதிக்கு ஆகாயத்தாமரை. நடுவில் நடுவில் தண்ணீர் திட்டுத்திட்டாகத் தெரிந்தது. ரவிக்குமார் ராடை வீசினார். பச்சைத் தவளை வெயிலில் ஒரு வளைவு வளைந்து, தாமரை இலைக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. வளையங்கள் அடங்குகிறவரை விட்டுவைத்தார். அப்புறம் சுண்டினார். பொளக். கிளிப் வெள்ளியாகச் சுழன்றது. பொளக். டிரம்மில் பார்த்த அதே குதி, ஆனால் இங்கே எவ்வளவு சின்னதாக, எவ்வளவு தனியாக!

கிருபா என் முழங்கையைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்தது.

தவளைக்குப் பின்னால் தண்ணீர் மெல்ல மேடு தட்டியது. கூரான மேடு. அது தவளையைத் தொடர்ந்து வந்தது. "வருது" என்றார் ரவிக்குமார், உதடு அசையாமல். தவளை நின்றது. மேடும் நின்றது. ஒரு சுண்டு.

பளார்!

யாரோ பலகையால் தண்ணீரை அறைந்த மாதிரி. ராடு வளைந்து நுனி தண்ணீரைத் தொட்டது. ரவிக்குமார் பின்னால் சாய்ந்தார். பாலுசாமி அண்ணன் கட்டிலைவிட்டு எழுந்துவிட்டார். தாமரை முழுக்க ஆடியது. "பெருசுங்க! பெருசுங்க!" என்று ரவிக்குமார் கத்தியது பாதியில் நின்றது. ராடு சட்டென்று நிமிர்ந்தது. நரம்பு தளர்ந்தது.

தவளை தனியாகத் திரும்பி வந்தது. வாலில் முள்ளும் இல்லை, கிளிப்பும் இல்லை. திருகாணி இருந்த இடத்தில் ஒரு ஓட்டை. மெத்தென்ற முருங்கை மரம். மீன் இழுத்த இழுப்பில் திருகாணி அப்படியே பிடுங்கிக்கொண்டு போயிருந்தது.

ரவிக்குமார் கரையில் உட்கார்ந்துவிட்டார். "போச்சு. அந்த மாதிரி மீன நாம் பாத்ததே இல்ல. போச்சு."

நான் கிருபாவைப் பார்த்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுக் குதித்துக்கொண்டிருந்தாள்.

"ஏமாந்துருச்சுங்க! அக்கா, பாத்தீங்களா, அது ஏமாந்துருச்சு! தவளைன்னே நெனச்சுருச்சு! ஏனுங்க, எந்திரிங்க! மீன் போனாப் போகுது, நம்பிருச்சுல்ல!"

ரவிக்குமார் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு அது தப்பிப்போன மீன். அவளுக்கு அது கிடைத்துவிட்ட மீன். அவர் முகத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. "நம்பித்தான் போச்சு அம்மணி. அந்த அடி அடிச்சுதே, சந்தேகப்படற மீன் அப்படி அடிக்காது" என்றார்.

"முள்ளு வாயில மாட்டியிருக்குமே, அதுக்கு வலிக்காதுங்களா?" என்று அப்புறம்தான் அவளுக்கு நினைவு வந்தது. முள்ளின் கொக்கியை முன்னமே நசுக்கி மழுக்கிவிட்டதாகவும், தலையை நாலு உதறு உதறினால் விழுந்துவிடும் என்றும் ரவிக்குமார் சொன்ன பிறகுதான் செருப்பைத் தேடிப் போட்டாள்.

திருகாணி நிற்காது என்பது தெரிந்துவிட்டது. இன்னும் நீளமான திருகாணி போடலாம் என்றார் ரவிக்குமார்; மெத்தென்ற மரத்தில் அதுவும் நிற்காது. கனத்த மரத்துக்குப் போனால் மறுபடியும் மூழ்கும். இரண்டு நாள் இருவரும் அதையே பேசினார்கள். புதன்கிழமை கிருபா ஒரு கல்யாணப் பெண்ணுக்குப் பூஜடை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பிளவுஸ் கொடுக்கப் போயிருந்தேன். ஜடையைக் கட்டிக்கொண்டே இருந்தவள் திடீரென்று என் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க்கா, இத்தன கனமான ஜடை, பின்னு குத்துனா நிக்குமா?"

"நிக்காது."

"நிக்காதுல்ல? அடியில முடியோட சேத்துக் கயிறு கட்டி, அந்தக் கயித்தையே கடைசி வரைக்கும் ஜடைக்குள்ள ஓட்டுவோம். இழுக்கறதெல்லாம் கயித்துக்குப் போயிரும். பூவுக்கு ஒண்ணும் ஆகாது." கண்ணைச் சுருக்கினாள். "மரத்த எதுக்கு இழுவைக்கு உடணும்? மரம் பூவுங்க்கா! கம்பிதான் கயிறு!"

எனக்குப் புரிய ஒரு நிமிசம் ஆனது. அவள் அன்று சாயங்காலமே செய்து காட்டிவிட்டாள். தவளையின் வயிற்றை நீளமாகக் கீறி, துருப்பிடிக்காத கம்பி ஒன்றை மூக்கிலிருந்து வால் வரைக்கும் உள்ளே படுக்கவைத்தாள். மூக்கில் கம்பியை வளைத்து நரம்பு கட்ட ஒரு வளையம், வாலில் முள் மாட்ட ஒரு வளையம். இனி மீன் இழுத்தால் கம்பியைத்தான் இழுக்கும். மரம் சும்மா மேலே போர்த்திய சட்டை. கீறலை அடைக்கச் செயற்கை நகம் கட்டுகிற பவுடரைக் குழைத்துப் பூசினாள். காய்ந்ததும் கல். அதன் மேல் பச்சை, மஞ்சள், புள்ளி. கடைசியாகக் கண். அதற்கு மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

ரவிக்குமார் அதைக் கதவுக் கொக்கியில் மாட்டி, மறுமுனையைக் கையில் சுற்றிக்கொண்டு முழு பலத்தோடு இழுத்தார். கதவு ஆடியது. தவளை அசையவில்லை.

அடுத்த ஞாயிறு மறுபடியும் அதே குட்டை. போன உடனே பாலுசாமி அண்ணன் தயங்கித் தயங்கி வந்தார். "ரவி, கோவிச்சுக்காத. மூணாந் தறி காலைல இருந்து நூலா அறுக்குது. சித்த ஒரு எட்டுப் பாத்துப்போட்டு வந்துருப்பா."

ரவிக்குமார் ராடைக் கிருபாவிடம் நீட்டினார். "சும்மா போட்டுப் பழகிட்டு இரு. கருவேல முள்ளுப் பக்கம் மட்டும் எறிஞ்சுபோடாத. இதோ வாரேன்."

அவள் அதுவரை ராடைத் தொட்டதே இல்லை. முதல் வீச்சில் தவளை அவள் காலடியிலேயே விழுந்தது. இரண்டாவது நேராக மேலே போய், தென்னை மட்டையை உரசிவிட்டு எனக்குப் பக்கத்தில் விழுந்தது. நான் கட்டிலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். மூன்றாவது என்ன நடந்ததோ, கைக்கு வாகு கிடைத்துவிட்டது. தவளை தாழப் பறந்து, தாமரையைத் தாண்டி, இலைகளுக்கு நடுவே ஒரு தட்டு அகலத்துக்குத் தெரிந்த தண்ணீரில் போய் உட்கார்ந்தது. வேண்டுமென்று எறிந்தால்கூட அங்கே விழாது.

"இப்ப என்னங்க்கா பண்றது?"

"டிரம்முல பண்ணுவீல்ல, அதையே பண்ணு!"

சுண்டினாள். பொளக். காத்திருந்தாள். சுண்டினாள். தவளை தாமரை இலை ஒன்றின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது, நிஜமாகவே இளைப்பாறுகிற மாதிரி. அவள் அதை அங்கேயே விட்டுவைத்தாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அப்புறம் மெல்ல, மிக மெல்ல, இலையிலிருந்து வழுக்கித் தண்ணீரில் இறக்கினாள்.

இலையோடு சேர்த்துக் குட்டை வெடித்தது.

"அக்கா!" ராடு அவள் கையைவிட்டுப் போகப் பார்த்தது. வயிற்றில் முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொண்டாள். ரீல் கிர்ரென்று அலறியது. "ஏனுங்க! ஏனுங்க! ஓடியாங்க!" பட்டறையில் தறிச் சத்தத்துக்கு மேலே அவள் குரல் கேட்டிருக்கிறது. ரவிக்குமார் கையெல்லாம் கிரீஸோடு ஓடிவந்தார். வாங்கிக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் வாங்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நீயே இழு. ராட ஒசத்திப் புடி. தாமரைக்குள்ள பூர உடாத. கரைப்பக்கம் இழு, இக்கட்ட!"

"கம்பி தாங்குமுங்களா?"

"நீ கட்டுன கம்பிதானே? தாங்கும், இழு!"

மீன் ஒரு முறை மேலே வந்து தலையை உதறியது. பாம்பு மாதிரித் தலை, வாயோரத்தில் பச்சையாக ஒரு துளி. நான் என்னையறியாமல் "உடாத கண்ணு, உடாத!" என்று கத்திக்கொண்டிருந்தேன். கிருபா இரண்டு அடி முன்னே இழுபட்டு, நாலு அடி பின்னே வந்து, சேற்றில் முழங்கால் போட்டு, ஒருவழியாகக் கரையோரம் கொண்டுவந்து சேர்த்தாள். ரவிக்குமார் வலையைத் தண்ணீருக்குள் விட்டுத் தூக்கினார். புல்லில் விழுந்தது விரால். முழங்கையைத் தாண்டிய நீளம். கருத்த முதுகு, பக்கமெல்லாம் வரிவரியாக. அதன் வாயில் தவளை முழுசாக, கம்பி நேராக, கண் மூடாமல்.

அண்ணன் இடுப்பில் கைவைத்துக் குனிந்து பார்த்தார். "நான் உட்ட கட்லாவெல்லாம் இதுக்குள்ளதான் இருக்குதா!" என்றவர், நிமிர்ந்து கிருபாவிடம் குரலை மாற்றிக்கொண்டு சொன்னார்: "அம்மணி, எனக்கொண்ணு செஞ்சு குடு. நானும் நாளைக்கு ராடு வாங்கிப்போடறேன்."

"செஞ்சு தாரேனுங்ண்ணா" என்றாள். சேற்றில் உட்கார்ந்தபடியே சிரித்துக்கொண்டிருந்தாள். "அடுத்தது எலி பண்ணலாமுன்னு இருக்கேன். தண்ணீல நீந்திப் போற எலி. வாலு ஆடணும்."

ரவிக்குமார் மூக்குப் பிளேயரால் முள்ளைக் கழற்றி, தவளையைக் குட்டைத் தண்ணீரில் அலசி அவளிடம் கொடுத்தார். முதுகில் பல் பட்டு நாலைந்து கீறல். கிருபா அதைத் துடைக்கவில்லை, சரிபார்க்கவில்லை. எழுந்து ராடை எடுத்துக்கொண்டாள்.

பாலுசாமி அண்ணன் பட்டறைப் பக்கம் திரும்பி டீ கொண்டுவரச் சொல்லிவிட்டு எங்களைக் கூப்பிட்டார். "வாங்க, வந்து ஒரு வாய் டீ குடிங்க. அம்மணி, நீயும் வா."

"நீங்க குடிச்சுட்டு இருங்கண்ணா" என்றாள் கிருபா, கண் தாமரையிலேயே இருக்க. "நான் இன்னொரு தடவ போட்டுப்போட்டு வாரேன்."